முறுக்கும் ரசமும்: தங்கத்துக்கு ஒரு சீசன்

18 பிப்ரவரி, புதன்

காலையில் வெயில். மூன்று மணிக்கு மேல் மழை. சீனப் பெருநாள் இரண்டாம் நாள், ஆபீஸ் லீவு. பண்டமாரான் வட்டாரம் முழுக்கப் பட்டாசு. எதிர்வீட்டு நாய் எங்கள் காடிக்கு அடியில் படுத்துக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது.

செய்ய வேண்டியவை: துணி மடிப்பது (இல்லை). மீன் கழுவுவது (ஆச்சு). கேம் அப்டேட் (மதியம் வரை இறங்கியது, சனியன்).

உள்ளே போய்ப் பார்த்தால் திறன் புள்ளி எல்லாம் அழிந்து கிடக்கிறது. எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். புது சீசனாம். போர்வீரர்களின் திறன் மரத்தையே பிடுங்கி வேறு மரம் நட்டிருக்கிறார்கள். என் போர்வீராங்கனை பெயர் முறுக்கு. பசி நேரத்தில் வைத்த பெயர். ஆறு வருஷமாக வெறிக் கிளையிலேயே வளர்ந்தவள், இப்போது ஒரு திறனும் இல்லாமல் கோடாலியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

உடனே ஜெசிந்தாவுக்குப் போன். பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூட்டாளி. பிரிக்பீல்ட்ஸில் பல் கிளினிக்கில் வேலை. கேமில் என் வைத்தியச்சி, பெயர் ரசம். நான் அடி வாங்குவேன், அவள் உயிர் ஊற்றுவாள். அதுதான் எங்கள் கூட்டணி.

"பாத்தியா டி ஜெசி, எல்லாத்தையும் அழிச்சிட்டானுங்க."

"பாக்கல. இனிமே பாக்கவும் மாட்டேன்."

"ஏன்?"

"இன்னிக்கு சாம்பல் புதன் லா. தவக்காலத்துக்கு நான் கேமை விட்டுட்டேன்."

"போன வருஷம் சாக்லேட் தானே விட்டே."

"சாக்லேட்ட விடுறது எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அது தவமா? அதான் இந்த வருஷம் கஷ்டமானத விட்டேன்."

நெற்றியில் சாம்பல் சிலுவையோடு ஒரு படமும் அனுப்பினாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாமி விஷயம், வாயைத் திறக்க முடியாது.

ஈஸ்டர் முடிந்ததும் ஜெசி பெர்த் போகிறாள். அவள் வீட்டுக்காரர் ராபர்ட்டுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டரை சுங்கை பூலோவில் இருக்கும் சித்தி மகன் வினோத்துக்குக் கொடுத்தாயிற்று, அவன் வந்து தூக்க வேண்டியதுதான் பாக்கி. ஆக இதுதான் எங்கள் கடைசி சீசன். முடிவது மார்ச் 29. இருவர் களத்தில் இத்தனை வருஷமாக நாங்கள் வெள்ளி. தங்கம் ஒரு தடவைகூட ஏறவில்லை. இந்தத் தடவை ஏறியே தீருவது என்று தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் உட்கார்ந்து பேசினோமே, அப்போது இவளுக்குத் தவக்காலம் ஞாபகம் வரவில்லையா?

துணி இன்னும் மடிக்கவில்லை.

19 பிப்ரவரி, வியாழன்

மேகம். மழை இல்லை. ரமலான் நோன்பு முதல் நாள், ஆபீசில் பாதிப் பேர் முகம் வாடி. எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்க எனக்குத்தான் கூச்சம், பேன்ட்ரிக்குள் நின்றுகொண்டே குடித்தேன்.

அபாங் ஹாபிஸ், அதாவது ஹாபிஸ் அண்ணன், எங்கள் ஷிப்பிங் ஆபீசில் டாக்குமெண்ட் பிரிவு. கேமில் வில்லாளி, தங்கத்தில் இருப்பவர், அந்தக் கர்வமும் உண்டு. வைத்தியச்சி இல்லாத கதையைச் சொன்னேன். மலாயில் சொன்னார்: வைத்தியச்சி இல்லாமல் வெறி எடுத்தால் உனக்கு ஆயுசு கம்மி, பேசாமல் கேடயம் எடு.

இன்னொரு குண்டும் போட்டார். இந்த சீசனில் திறனை நினைத்தபோது மாற்ற முடியாதாம். ஒரு தடவை உறுதி செய்தால் ஒரு வாரத்துக்கு அதுதான். கல்யாணம் மாதிரி என்றார். கல்யாணம் ஒரு வாரத்தில் மாற்ற முடியாதே என்றேன். சிரித்தார், பிறகு தாகம் எடுக்கிறது, சிரிக்க வைக்காதே என்றார்.

மூன்று கிளை. ஆங்கிலப் பெயர்கள் நீளம், நானும் ஜெசியும் வைத்த பெயரில் எழுதுகிறேன்.

வெறி: அடி வாங்க வாங்க என் அடி பலமாகும். உயிர்க்கோடு சிவப்பில் தொங்கும்போதுதான் முழு பலம். அழகு. ஆனால் ஜெ. இல்லாவிட்டால் பிணம்.

ஆயுதம்: கொக்கி, சங்கிலி. ஓடுகிறவனை இழுத்துப் போடலாம். என் விரலுக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

கேடயம்: சாக மாட்டேன். யாரையும் சாகடிக்கவும் மாட்டேன்.

வைத்தியச்சியே இல்லாதவளுக்கு எந்தக் கிளையாக இருந்தால் என்ன.

21 பிப்ரவரி, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து நடந்து பிரிக்பீல்ட்ஸ். ஜெ. வரச் சொன்னாள். எனக்குச் சனிக்கிழமை சைவம், அவளுக்குத் தவக்காலம். இலைக் கடையில் இரண்டு சைவம். அப்பளம் அவள் இலையிலிருந்து இரண்டு எடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ஃபாதர்கிட்ட கேட்டேன்," என்றாள்.

"என்னா கேட்டே?"

"கேம் பத்திதான். சிரிச்சாரு. ஞாயித்துக்கிழமை தவக்கால நாள் கணக்குல வராதும்மா, அது ஆண்டவர் உயிர்த்த நாள், அன்னிக்கு நோன்பு இல்லன்னாரு."

நான் ரசத்தைக் கீழே வைத்தேன். "அப்ப ஞாயிறு வரே?"

"வரேன். ஆனா மனசு கேக்கல லோகா. ஏமாத்துற மாதிரி இருக்கு. அதனால இன்னொன்னையும் சேத்து விட்டுட்டேன்."

"என்னா?"

"ஏசுறத. ஈஸ்டர் வரைக்கும் யாரையும் ஏச மாட்டேன். ஞாயிறும் சேத்து."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை அங்கிள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஜெசி ஏசாமல் இருப்பதா? தமிழில் ஏசுவாள், மலாயில் ஏசுவாள், பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியிடம் கற்ற ஹொக்கியனில் ஏசுவாள். ஆறு வருஷமாகக் காதில் ஹெட்போன் மாட்டினால் எனக்கு அர்ச்சனைதான்.

"சிரி. நான் செஞ்சு காட்டுறேன்," என்றாள் அமைதியாக. அந்த அமைதியே புதுசு.

எப்படியோ. ஞாயிறுதோறும் வைத்தியச்சி உண்டு. ரயிலில் நின்றுகொண்டே, கேமின் போன் ஆப்பில், எல்லாப் புள்ளியையும் வெறியில் போட்டு உறுதி செய்தேன்.

22 பிப்ரவரி, ஞாயிறு

மழை, மத்தியானமே. ஜெ. பூசை முடித்து, சமைத்து, இரண்டு மணிக்கு வந்தாள்.

ஆடியது ஐந்து. தோற்றது ஐந்து.

ஹாபிஸ் சொன்ன காரணம் இல்லை. வைத்தியச்சி இருந்தாள், நன்றாகவே ஊற்றினாள். நான்தான் நிற்கக்கூடாத இடத்தில் நின்றேன், ஐந்து தடவையும். ஒரு சாம்பிள். நான் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். காதில் ஜெ., பல் கிளினிக் குரலில்:

"லோகா, முடிஞ்சா, கொஞ்சம் பின்னாடி வர முடியுமா மா?"

வாக்கியம் முடியும்போது நான் தரையில்.

இப்போதுதான் புரிகிறது. அவள் ஏசியதெல்லாம் ஏச்சு இல்லை, எனக்கு அடித்த மணி. "எருமை" என்றால் இரண்டு எட்டு பின்னால். "சனியனே" என்றால் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள். "செத்துத் தொலை" என்றால் பயப்படாமல் அடி, உயிர் வருகிறது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஆறு வருஷத்தில் தானாக அமைந்தது. அவளுக்கும் இன்றுதான் தெரிந்தது.

"வேற வார்த்தை வெச்சிக்கலாமா? எருமைக்கு பதிலா சக்கரைன்னு சொல்லு," என்றேன்.

முயற்சி செய்தாள். ஒரு தடவை சக்கரை, ஒரு தடவை தேனு, ஒரு தடவை என்ன வார்த்தை என்று மறந்தே போய் "அது... அது..." என்றாள். செத்தேன்.

"ஏசணும்னா யோசிக்க வேணாம் டி, தானா வருது. கொஞ்சணும்னாதான் யோசிக்க வேண்டியிருக்கு."

ஒரே ஒரு எருமை போதும், ஆண்டவர் கண்டுக்க மாட்டார் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. விரதம் எடுத்தவளிடம் அப்படிக் கேட்கக்கூடாது. நான் பால்குடம் எடுத்த வருஷம், மீன் சம்பால் வாசனைகூட என்னிடம் வராமல் ஒரு மண்டலம் அவள் எனக்காகக் கிளினிக்கில் தனியாகப் போய்ச் சாப்பிட்டவள்.

அப்போது நான் அதே கிளினிக்கில்தான் கவுண்டர். எவ்வளவு நாளாகிறது.

24 பிப்ரவரி, செவ்வாய்

புழுக்கம். கு. இந்த வாரம் காலை ஷிப்ட், துறைமுகத்திலிருந்து நாலு மணிக்கே வீட்டில். (கு. என்றால் குமரன், என் வீட்டுக்காரர். கேம் தெரியாது. நான் தோற்றால் மட்டும் தெரிந்துவிடும்.)

"நான் வேணும்னா பக்கத்துல உக்காந்து ஏசவா?" என்றார்.

"உங்களுக்கு எப்ப ஏசணும்னு தெரியாது."

"கல்யாணம் ஆகி எட்டு வருஷம். எனக்கா தெரியாது?"

பயிற்சிக் களத்தில் உட்கார்ந்து பார்த்தோம். நான் மரப் பொம்மையை அடிக்க, கு. பின்னால் நாற்காலி போட்டு, "எருமை" என்றார். மெதுவாக. அடுத்த நொடி, "கோவிச்சுக்காதே" என்றார். ஏச லாயக்கில்லாத மனுஷன். நல்ல மனுஷன், ஆனால் களத்துக்கு ஆகாது.

தோசை. தேங்காய் தீர்ந்தது. வாங்க வேண்டும்.

1 மார்ச், ஞாயிறு

வாரம் முடிந்ததால் புள்ளிகளைப் பிடுங்கிக் கேடயத்தில் போட்டேன். ஏச்சு இல்லாமல் பிழைக்க வேறு வழி? ஹாபிஸ் சொன்னபடியே சாகவில்லை. யாரும் சாகவில்லை. எதிரணியும் சாகவில்லை. நான் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவர்கள் தட்ட, ஜெ. ஊற்ற, நேரம் முடிந்து மணி அடித்தது. அதிகமாக அடித்தவனுக்கு வெற்றி என்பது சட்டம். அதிகமாக அடித்தது எப்போதும் அவர்கள்.

நாலாவது ஆட்டத்தில் காதில் டேப் இழுக்கும் சத்தம்.

"என்னா ஜெசி அது?"

"பெட்டி கட்டுறேன். ஒரு கைதான். இன்னொரு கை உனக்கு ஊத்துது."

ஒரு கையே போதுமாக இருந்தது. அவ்வளவு சப்பென்ற விளையாட்டு.

வெள்ளியிலும் கீழ் வெள்ளிக்கு இறங்கிவிட்டோம். இன்னும் கொஞ்சம் இறங்கினால் வெண்கலம்.

4 மார்ச், புதன்

வேலை முடிந்து கிள்ளான் லிட்டில் இந்தியா. பாசார் ரமலான் சந்தைக் கூட்டம் வேறு, காடி நகரவே இல்லை. ஜெ.வுக்கு ஒரு நல்ல சால்வை வாங்கலாம் என்று போனேன். கடை அக்கா, "எந்த ஊருக்குப் போறாங்க?" என்றார்.

"பெர்த்."

"குளிர் ஊரா?"

"தெரியலக்கா."

உண்மையிலேயே தெரியவில்லை. அவள் போகும் ஊரைப் பற்றி ஒன்றுமே கேட்டதில்லை நான். வீடு கிடைத்ததா, அங்கே இவளுக்கு வேலை உண்டா, ஒன்றும். பேசியதெல்லாம் திறன் புள்ளி. எனக்குத் தவக்காலத்தின் மேல் கோபம் இல்லை. பெர்த்தின் மேல்தான் கோபம். அதை எங்கே போய்ச் சொல்வது, அதனால் கேடயத்தின் மேலும் வெறியின் மேலும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

சால்வை வாங்கினேன். மெரூன். அவளுக்குப் பிடிக்காத கலர், வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தது.

8 மார்ச், ஞாயிறு

வெயில். ஒரு பெரிய தப்பு நடந்தது. விவரமாக எழுத வேண்டும்.

திட்டம் இதுதான்: பாதிப் புள்ளி கேடயம், மீதி வெறி. இணையத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் போட்ட பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தேன். கு. சமையலறையிலிருந்து, "லோகா, குழம்பு பொங்குது" என்றார். ஓடினேன். அடுப்பை அணைத்தேன். புளி ஒட்டிய கையோடு திரும்பி வந்து மௌசைப் பிடித்தால் வழுக்கியது. கடைசி மூன்று புள்ளியும் போய் "காவல்" என்ற திறனில் விழுந்தது. துடைக்கிறேன் பேர்வழி என்று துணியால் மௌசை அழுத்தி, உறுதி செய்தும் ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்கு அதுதான்.

காவல் என்றால், பக்கத்தில் இருக்கும் கூட்டாளி மேல் விழ வேண்டிய அடியை நான் பாய்ந்துபோய் வாங்கிக்கொள்வது. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் திட்டும் திறன். வீண், எடுக்காதே, எடுப்பவன் முட்டாள்.

ஜெ.விடம் சொன்னேன். பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும். விரதம் காப்பாற்றியது என்னை.

"சரி மா. இருக்கிறத வெச்சு ஆடுவோம்," என்றாள்.

முதல் ஆட்டம். எதிரில் ஒரு கத்திக்காரன், ஒரு மந்திரவாதி. எப்போதும்போல இரண்டு பேரும் ஜெ.வைத் துரத்தினார்கள். வைத்தியச்சியை முதலில் கொல்வதுதான் எல்லாரும் செய்வது. காவல் பொத்தான் சும்மா கிடக்கிறதே என்று அமுக்கினேன். முறுக்கு ஒரே பாய்ச்சலில் ரசத்தின் முன்னால். மந்திரவாதியின் நெருப்பு முழுதும் என் மேல். என் உயிர்க்கோடு சிவப்பு.

சிவப்பா? வெறிக்கு அதுதானே சாப்பாடு.

ஒரு அடி. கத்திக்காரன் விழுந்தான். இன்னும் இரண்டு அடி, மந்திரவாதியும்.

ஜெ., "இன்னொரு தடவை செய்," என்றாள்.

செய்தேன். ஆறில் ஐந்து வென்றோம். தோற்ற ஒன்றும் நான் சிரித்துக்கொண்டே ஆடியதால்.

இன்னொன்றும் எழுதிவைக்கிறேன். காவலை எப்போது அமுக்குவது என்று தெரிய ஜெ.வின் உயிர்க்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வருஷத்தில் அது திரையில் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. என் கோட்டை அவள் பார்ப்பாள், எனக்குச் சத்தம் வரும், நான் அடிப்பேன். அவளுடையது இடது பக்கம் மேலே இருக்கிறது. பச்சைக் கோடு, பக்கத்தில் சின்னதாக ஒரு ரசக் கிண்ணம் படம். எப்போது வைத்தாளோ.

ஏச்சு தேவைப்படவே இல்லை.

11 மார்ச், புதன்

மழை, சாலையில் தண்ணீர். ஆபீசுக்கு லேட்.

ஹாபிஸிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். இது சிரிப்புக்கு எடுக்கும் திறன், வெள்ளியில் ஏமாறுவார்கள், மேலே போனால் உன்னை உரித்துவிடுவார்கள் என்றார். மத்தியானம் நான் தனியாகப் பேன்ட்ரியில் சாப்பிடும்போது வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"லோகா, கூட்டாளி வாங்குற அடிக்கும் வெறி ஏறுதா?"

அவருடைய தமிழ் இவ்வளவுதான், கப்பாரில் தமிழர்கள் பக்கத்து வீடாம். ஏறுகிறது என்றேன்.

"ஷியோக் லா," என்று மெச்சிவிட்டுப் போனார். தங்கத்தில் இருக்கிற மனுஷன் வாயிலிருந்து.

15 மார்ச், ஞாயிறு

அதே திறன். எட்டு ஆடி ஏழு. நடு வெள்ளி. ஜெ. ஆட்டத்துக்கு நடுவில் கோயில் பாட்டு முணுமுணுக்கிறாள். மாதா பாட்டில் ஒருத்தன் மண்டையைப் பிளந்தேன், பாவமா தெரியவில்லை.

வீடு பற்றிக் கேட்டேன். ஒரு அறை, கூடம், பின்னால் எலுமிச்சை மரமாம். ராபர்ட்டின் சொந்தக்காரர் பார்த்துக் கொடுத்தது. ஏப்ரல் கடைசி வரை இணையம்கூட வராதாம்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. அங்க யார்கிட்ட டி பேசுவேன்?"

அடுத்த ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

22 மார்ச், ஞாயிறு

ஹரி ராயா, நோன்புப் பெருநாள் இரண்டாம் நாள். காலையில் ஹாபிஸ் வீட்டில் நானும் கு.வும். ரெண்டாங், லெமாங், ஆறு வகை குக்கிஸ். கு. இரண்டு தடவை தட்டு எடுத்தார், மூன்றாவதற்கு நான் பார்த்த பார்வையில் வைத்துவிட்டார்.

மத்தியானம் களம். லீவு என்பதால் நாட்டில் இருக்கிற அத்தனை பேரும் உள்ளே. பலமான ஆட்கள். வெல்வது, தோற்பது, வெல்வது. மாலை ஆறுக்கு மேல் வெள்ளியின் கூரை. இனி ஒரே ஒரு ஏற்றப் போட்டி, மூன்றில் இரண்டு வென்றால் தங்கம். அது அடுத்த ஞாயிறுதான் முடியும். அடுத்த ஞாயிறுதான் சீசன் முடிவும்.

ஜெ. சொன்ன செய்தி: அன்றைக்கே சாயந்தரம் ஐந்து மணிக்கு வினோத் லோரி கொண்டு வருகிறான். கம்ப்யூட்டர், கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் ஏற்ற.

"வேற நாள் வரச் சொல்லேன்."

"லோரி அவனோடது இல்ல லா. அன்னிக்குத்தான் கெடைச்சிதாம்."

29 மார்ச், ஞாயிறு

காற்று நிறைய, மழை வரும்போல இருந்து வரவில்லை.

குருத்து ஞாயிறு. ஊர்வலம், நீளப் பூசை, ஜெ. வீடு வந்து சேரவே மூன்று மணி தாண்டிவிட்டது. ஏற்றப் போட்டிக்கு ஜோடி கிடைக்கக் காத்திருப்பதிலேயே பாதி நேரம் போயிற்று. என் கை வியர்த்தது. துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டேன், சமையலறையில் அடுப்பு எதுவும் எரியக் கூடாது என்று கு.வுக்கு உத்தரவு.

முதல் ஆட்டம்: தோல்வி. எங்கள் தந்திரம் தெரிந்தவர்கள், என்னைத் தூரத்தில் உறைய வைத்துவிட்டு ஜெ.வை முடித்தார்கள்.

இரண்டாவது: வெற்றி. உறைய வைக்கும் முன்னாலேயே நான் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

மூன்றாவது ஆரம்பிக்கும்போது ஜெ. வீட்டில் கதவு தட்டும் சத்தம். காதில் எல்லாம் கேட்கிறது.

"அக்கா, லோரி கீழ நிக்குது. மானிட்டர முதல்ல எறக்கவா?"

"தம்பி, அஞ்சு நிமிஷம் உக்காருப்பா."

"ட்ரைவர் அவசரப்படுறாருக்கா."

"உக்காருப்பா செல்லம்." அந்தச் செல்லத்தைக் கேட்டு எனக்கே முதுகு சிலிர்த்தது. வினோத் உட்கார்ந்துவிட்டான் போல.

மூன்றாவது ஆட்டம். இரண்டு பேரும் ஜெ. மேல். நான் பாய்ந்தேன், வாங்கினேன். மறுபடி பாய்ந்தேன், வாங்கினேன். என் கோடு சிவப்பிலும் கீழே. அவள் கோடும் பாதிக்குக் கீழே. அவளிடம் ஒரே ஒரு பெரிய ஊற்றுதான் பாக்கி. தனக்கு ஊற்றினால் அவள் பிழைப்பாள், நான் விழுவேன். எனக்கு ஊற்றினால் அவள். இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை ஏறவில்லை. என் கோடு ஏறியது.

ரசம் விழுந்தாள்.

பிறகு நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல வராது. கத்தினேன் என்று கு. சொல்கிறார். அத்தனை வெறியும் கையில் இருந்தது. ஒருவன் விழுந்தான். இன்னொருவன் ஓடினான், ஓட விடவில்லை.

திரை முழுக்க மஞ்சள். தங்கம்.

"ஜெசி, பாத்தியா?"

"பாத்தேன் டி. செத்துக் கெடந்து எல்லாத்தையும் பாத்தேன்." அழுகிறாள். நானும்தான். "லோகா, நான் ஒன்னு சொல்லணும், நான் அங்க போனாலும்"

அங்கே சத்தம் நின்றது. அவள் பெயர் திரையிலிருந்து போய்விட்டது. வினோத் வயரைப் பிடுங்கிவிட்டான்.

பிறகு போனில் கூப்பிட்டாள். என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். மறந்துட்டேன் என்றாள். பொய்.

8 ஏப்ரல், புதன்

விடியற்காலை கிளம்பி ஏர்போர்ட். பார்க்கிங் கிடைக்காமல் சுற்றி லேட். ஈஸ்டர் முடிந்துவிட்டது, அதனால் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன், சேர்த்து வைத்ததற்கும் வட்டியோடு. ராபர்ட் எங்களை விட்டுத் தள்ளிப் போய் கு.வுக்குக் கை கொடுத்தார்.

சால்வையைக் கொடுத்தேன். "மெரூனா?" என்றாள். உடனே போர்த்திக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும் வரை மெரூன் தெரிந்தது.

வரும் வழியில் கு. ரேடியோவைப் போடவில்லை. பந்திங் சாலையில் நிறுத்தித் தேங்காய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

12 ஏப்ரல், ஞாயிறு

ஒன்றும் இல்லை. மதியம் தூங்கினேன். துணி எல்லாம் மடித்துவிட்டேன், கு. பயந்துபோய் உடம்புக்கு என்ன என்றார்.

19 ஏப்ரல், ஞாயிறு

வெயில். இரண்டு மணிக்கு போன் மினுங்கியது. ஜெ.: "உள்ள வா."

ராபர்ட்டின் பழைய லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறாளாம். வீட்டுக்கு இணையம் இன்னும் வரவில்லை, கைப்பேசியிலிருந்து இழுக்கிறாள். பெர்த்துக்கும் இங்கும் ஒரே மணி, இத்தனை நாளாக எனக்கு அதுவும் தெரியாது. அங்கேயும் இரண்டு மணி, அங்கேயும் ஞாயிறு, அங்கேயும் சாப்பிட்டு முடித்த நேரம்.

ஓடிப்போய் உட்கார்ந்தேன். புது சீசன், தங்கத்திலேயே ஆரம்பம். மூன்று ஆட்டம், மூன்றும் போயிற்று. லேப்டாப் இருமுகிறது. அவள் ஊற்றும் உயிர் எனக்கு ஒரு மூச்சு தாமதமாக வந்து சேர்கிறது. நான் விழுந்த பிறகு என் பிணத்தின் மேல் பச்சை வெளிச்சம்.

"எனக்காக உன் தங்கம் போவுது லோகா. நீ வேற நல்ல ஆள பாத்துக்கோ. ஹாபிஸ்கிட்ட கேளு."

"வாய மூடு. பத்து நிமிஷம் இரு," என்றேன்.

திறன் மரத்தைத் திறந்தேன். கேடயக் கிளையில், காவலுக்கும் கீழே, யாரும் சீண்டாத ஒன்று இருக்கிறது: இறுதி மூச்சு. உயிர்க்கோடு காலியான பிறகும் கொஞ்ச நேரம் விழாமல் நிற்கலாம். அந்த நேரத்தில் அடிக்க முடியாது, ஓட முடியாது. நிற்க மட்டும்தான். அதை முழுதாக எடுக்க வேண்டும் என்றால் வெறியின் உச்சிப் புள்ளிகள் எல்லாம் போக வேண்டும்.

ஹாபிஸுக்கு அனுப்பினேன். உடனே பதில்: பைத்தியமா, வெள்ளிகூட நிற்காது, வெண்கலத்துக்கே போவாய்.

போகலாம். வெண்கலத்திலும் களம் உண்டு.

வெறியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வருத்தமாகத்தான் இருந்தது, நல்ல வெறி அது. இறுதி மூச்சில் எல்லாவற்றையும் போட்டு உறுதி செய்தேன்.

நாலாவது ஆட்டம். என் கோடு காலி. விழவில்லை. இரண்டு பேரும் என்னை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நான் நிற்கிறேன். கு. பின்னால் வந்து, "என்னா, செத்துட்டியா இல்லியா?" என்கிறார்.

"இருங்க," என்றேன். "அவ அனுப்பிட்டா. வந்துக்கிட்டிருக்கு."